சித்தி விசாரித்த மாப்பிள்ளைகள்

எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்ணுக்கு வரன் வந்தால் மாப்பிள்ளையின் ஜாதகம் ஜோசியரிடம் போகும், மாப்பிள்ளையின் பெயர் சித்தியிடம் போகும். ஜோசியர் அன்று சாயங்காலமே பொருத்தம் சொல்லிவிடுவார். சித்தி ஒரு வாரம் கேட்பாள். அந்த ஒரு வாரமும் பெண்ணைப் பெற்றவர்கள் ஜோசியர் சொன்னதை மறந்துவிட்டு, சித்தி வாய் திறக்கட்டும் என்று காத்திருப்பார்கள்.

கேரளத்தில் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே இருக்கும் எங்கள் ஊர்களில் கல்யாண விசாரணைக்கு ஒரு முறை உண்டு. பெண் வீட்டு ஆள் ஒருவர் பஸ் ஏறி மாப்பிள்ளையின் ஊருக்குப் போவார். முக்குக் கடையில் ஒரு சாயா சொல்லிவிட்டு, வழியோடு போகிறவர் மாதிரி, "அந்த வீட்டுக்காரவிய எப்படி?" என்று கேட்பார். கடைக்காரருக்கும் தெரியும் இது கல்யாண விசாரணை என்று. கேட்கிறவருக்கும் தெரியும் கடைக்காரருக்குத் தெரியும் என்று. ஆனாலும் இரண்டு பேரும் ஒன்றும் அறியாதவர்களாகப் பேசி முடிப்பார்கள்.

சித்திக்கு இந்த முக்குக் கடை விசாரணையில் துளியும் நம்பிக்கை கிடையாது. அதற்குக் காரணம் அவளுடைய கல்யாணம்தான். அவளுக்கு வரன் வந்தபோது வீட்டுப் பெரியவர்கள் ஒரே ஒரு கடையில் கேட்டார்கள். தங்கமான பையன் என்றார் கடைக்காரர். தங்கமான பையனுக்கு வேறு ஊரில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது. அடுத்த ஓணத்துக்கு முன்பே சித்தி பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். அப்போது அழுதாளா என்று எனக்குத் தெரியாது, நான் பிறந்திருக்கவில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அவள் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றுதான்.

"ஒரு இடத்துல கேட்டா அது வெறும் பேச்சு, மக்கா. ரெண்டாவது இடத்துலயும் அதையே சொன்னாத்தான் சங்கதி ஆக்கும்."

பஸ் எப்போது வரும் என்று கண்டக்டரிடம் கேட்பாள். அவர் நகர்ந்ததும் பக்கத்தில் நிற்கிற பெண்ணிடம் கேட்பாள். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை ஒரு மருந்துக் கடையில் வாங்கி, அடுத்த கடையில் நீட்டி, "இது என்னத்துக்கு உள்ளது?" என்பாள். நான் பரீட்சையில் தேறியதைக்கூட முதலில் கம்ப்யூட்டரில் பார்த்து, பிறகு பள்ளிக்கூடத்துக்கு போன் போட்ட பிறகுதான் என் வாயில் சர்க்கரையைப் போட்டாள். அதற்குள் எனக்குத் தேறிய சந்தோஷமே ஆறிப்போயிருந்தது.

அரசாங்க ஆபீஸில் கிளார்க் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு அவள் நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு பொது நூலகத்தில் சேர்ந்தாள். கதைப் புத்தகம் எடுக்கத்தான் போனாள். அங்கே ஒரு மூலையில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. நூலகம் சந்தா கட்டி வைத்திருந்த டேட்டாபேஸ்களை உறுப்பினர்கள் அதில் பார்க்கலாம். பழைய பத்திரிகைகள், கோர்ட்டுத் தீர்ப்புகள், காலேஜ் ஆராய்ச்சிகள், கம்பெனி விவரங்கள் என்று எல்லாம் அதற்குள் இருந்தன. ஆராய்ச்சி மாணவர்களுக்கென்று வைத்தது. ஆனால் மாணவர்கள் போனிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டார்கள். நாற்காலி சித்திக்குக் கிடைத்தது.

கம்ப்யூட்டர் அறைக்குள் நுழையும்முன் செருப்பைக் கழற்றிவிடுவாள். யாரும் கழற்றச் சொன்னதில்லை. பையிலிருந்து சின்னத் துண்டை எடுத்துக் கீபோர்டைத் துடைப்பாள். சுக்குத் தண்ணீர் இருக்கிற பாட்டிலை நூலகப் பொறுப்பாளரின் மேசையில் வைப்பாள், தன் மேசையில் வைத்தால் கொட்டிவிடும் என்ற பயம். பிறகு ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவாள். கம்ப்யூட்டர் யோசித்துக்கொண்டு நின்றால், "எலே, உள்ளதச் சொல்லு" என்று மிரட்டுவாள். பொறுப்பாளர் ஒரு மலையாளிப் பெண். "இன்னும் கல்யாணமாணோ சேச்சி?" என்று சிரிப்பாள். இன்றைக்கும் கல்யாணமா என்று அவள் கேட்காத நாள் குறைவு.

செங்கல் பக்கத்திலிருந்து என் பெரியம்மா மகளுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை தென்னை நோய் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர். பட்டம் உண்மையா என்று பார்த்தால் போதாதா? சித்தி அந்த ஆராய்ச்சியை டேட்டாபேஸில் தேடிப் பிடித்து முழுதும் படித்தாள். வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க, கண்ணாடியைக் கழற்றிவிட்டு முடிவைச் சொன்னாள்.

"பட்டம் உள்ளதுதான். ஆனா முதல் பக்கத்துல எல்லாருக்கும் நன்றி சொல்லியிருக்கான். கேன்டீன்காரனுக்கு உண்டு, பஸ் டிரைவருக்கு உண்டு. பெத்த அம்மைக்கு இல்ல. பாத்துக்கிடுங்க."

பெரியம்மா ஒரு ராத்திரி தூங்கவில்லை. கடைசியில் கல்யாணம் நடந்தது. அந்தப் பையன் தன் அம்மாவை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறான். சித்தியிடம் சொன்னால், "இப்பம் தாங்குதான். எழுதும்ப ஞாபகம் வரல்லியே" என்பாள்.

பூவாரிலிருந்து ஒரு கத்தோலிக்க அக்கா அவளைத் தேடி நூலகத்துக்கே வந்த கதையும் உண்டு. மகளுக்குப் பார்த்த பையன் கப்பலில் வேலை என்று சொல்லியிருந்தான். அந்தக் கடற்கரை ஊர்களில் கப்பலில் வேலை என்று சொல்லிவிட்டு கல்ஃபில் சிமென்ட் சுமந்தவர்கள் பலர். சித்தி கப்பலின் பெயரைக் கேட்டு, அப்படி ஒரு கப்பல் இருக்கிறது என்று கண்டுபிடித்தாள். அதோடு விடவில்லை, பையனிடம் அந்தக் கப்பலின் சமையலறை எந்தப் பக்கம் என்று கேட்கச் சொன்னாள். அவன் படம் வரைந்தே அனுப்பிவிட்டான். கல்யாணம் முடிந்து அந்த அக்கா எங்கள் வீட்டுக்கு ஒரு சாக்கு மரச்சீனிக் கிழங்கு கொண்டுவந்து இறக்கினாள். "சைவக்காரவியளுக்கு மீனு தரமுடியாதே, என்ன செய்ய?" என்று அவளுக்குத்தான் வருத்தம்.

இந்தச் சித்திதான் என் கல்யாணத்தையும் விசாரித்தாள்.

நான் திருவனந்தபுரத்தில் ஒரு கணக்காபீஸில் வேலை பார்த்தேன். காலை பாசஞ்சரில் தினமும் போக வேண்டும். அதே பெட்டியில் பாறசாலையில் ஏறி வந்த ஒருவரை எனக்குப் பிடித்துவிட்டது. அவருக்கும் பிடித்திருந்தது. ஜாதி ஒன்று, ஊரும் கிட்டத்தில்தான், ஆகையால் வீட்டில் யாருக்கும் எதிர்ப்பு இல்லை. அவருக்கு அப்பா இறந்துவிட்டார். அம்மாவும் ஒரு தங்கையும்தான். அவருடைய அம்மா வந்து என்னைப் பார்த்து, என் தலையில் பிச்சிப்பூவும் வைத்துவிட்டுப் போனார். இனி சித்தி தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி.

சித்தி தலையாட்டவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவை அடுக்களைக்குள் கூப்பிட்டாள். கோர்ட்டுத் தீர்ப்புகள் டேட்டாபேஸில் மாப்பிள்ளையின் அப்பா பெயரைத் தட்டியிருக்கிறாள். அதே பெயர், வீட்டுப்பெயரும் அதே புத்தன்வீடு, அதே ஊர். மனைவியை அடித்துக் கையை ஒடித்ததற்காகத் தண்டனை பெற்றவர் என்று இருந்தது. அப்பன் அப்படி என்றால் மகனை எப்படி நம்புவது? அம்மா வேறு எதுவும் கேட்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேசிக்கொண்டிருந்த புரோக்கரைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

எங்கள் பக்கத்தில் புரோக்கரிடம் சொன்னால் மைக்கில் சொன்ன மாதிரி. இரண்டே நாளில் அவருடைய அம்மாவின் காதுக்கு எட்டிவிட்டது. அந்த அம்மா முப்பது வருஷம் அந்த மனிதரோடு வாழ்ந்தவர். செத்துப்போன தன் புருஷன் தன் கையை ஒடித்தான் என்று ஊர் சொல்வதைத் தன் இரண்டு முழுக் கைகளோடும் உட்கார்ந்து கேட்டார். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். எனக்கு உலகமே இருண்டுபோனது. அன்று சித்தியைப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டாவது எங்க பாத்திய, சித்தி?"

"அச்சில இருந்துதே மக்கா" என்றாள். "கோர்ட்டே சொன்ன பெறகு..."

மறுநாள் நூலகத்துக்குப் போனாள். அவள் முன்பு பார்த்தது தீர்ப்பின் சுருக்கம். முழுத் தீர்ப்பையும் பொறுப்பாளரிடம் எடுக்கச் சொன்னாள். அதில் அடிபட்ட மனைவியின் பெயர் வேறு, அடித்தவரின் தொழில் வேறு, வயது வேறு. ஆள் வேறு. அதே ஊரில் கால்வாய் ஓரம், கனால்கரையில், இன்னொரு புத்தன்வீடு இருந்தது.

எங்கள் ஊர்களில் பாகம் பிரித்து எந்த மகன் புதிதாக வீடு கட்டினாலும் அதற்குப் பெயர் புத்தன்வீடுதான். கட்டியவன் போய், பேரன் போய், ஓடு உடைந்து மழை ஒழுகினாலும் அது புத்தன்வீடுதான். பேச்சில் மேலே புத்தன்வீடு, கனால்கரைப் புத்தன்வீடு என்று பிரித்துச் சொல்வோம். காகிதத்தில் எழுதும்போது எல்லாம் புத்தன்வீடு. இதெல்லாம் தெரியாதவளா சித்தி? நாங்கள் இருந்த வீடே புத்தன்வீடு. எங்கள் வீட்டுத் தபால் மாதத்தில் பாதி நாள் அடுத்த தெரு புத்தன்வீட்டுக்குத்தான் போகும்.

சித்தி அன்றைக்கே, யாரையும் கூட்டிக்கொள்ளாமல், அவர்கள் வீட்டுக்குப் போனாள். என்ன பேசினாள் என்று சொல்லவில்லை. திரும்பி வந்து காலைக் கழுவிக்கொண்டே, "கல்யாணம் நடக்கும். அழாத" என்று மட்டும் சொன்னாள்.

கல்யாணம் நடந்தது. சித்தி வரவில்லை. அவள் வரக்கூடாது என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லியிருப்பார் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். அவரிடம் கேட்கவும் எங்களுக்குத் தைரியம் இல்லை. அதன் பிறகும் நான் வாழ்ந்த வீட்டுக்கு அவள் ஒருநாளும் வந்ததில்லை. மகன் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் வந்து பார்த்தாள். சக்கைப்பழ சீசனில் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்று, ரயில் ஜன்னல் வழியாகப் பலாச்சுளைகளை நீட்டுவாள். "வீட்டுக்கு வாங்க சித்தி" என்றால், "வாறேன், வாறேன்" என்று ரயிலோடு கூடவே கொஞ்ச தூரம் நடந்து வருவாள். எனக்கு என் அத்தைமேல், அதாவது மாமியார்மேல், உள்ளுக்குள் கோபம். அவர் என்னை மகளாக வைத்திருந்தார், ஆனாலும் கோபம்.

வருஷங்கள் போயின. என் நாத்தனாருக்கு ஒரு வரன் வந்தது. பையன் வெளிநாட்டில். அத்தை நாலைந்து நாள் யோசித்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் வந்தார்.

"உனக்க சித்திய ஒருநாள் வரச்சொல்லு. அவியகிட்ட ஒண்ணு விசாரிக்கணும்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "அவிய வருவாவளா அத்தை? நீங்கதானே வரக்கூடாதுன்னு..."

"நானா?" அத்தை நிஜமாகவே திகைத்தார். "நான் எப்பம் சொன்னேன்? கல்யாணத்துக்கு ஏன் வரல்லன்னு நானே நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை சித்தி வந்தாள். குடையும் பையுமாகக் கேட்டுக்கு வெளியே நின்றாள். நான் ஓடிப்போய்த் திறந்தேன். அவள் உள்ளே வரவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பின்னால் வந்த அத்தையிடம் நீட்டினாள்.

"அன்னைக்கு நல்ல மனுசனக் கெட்டவருன்னு சொல்லிப்போட்டேன். அவரப் பத்தி நல்லது ஒண்ணு கையில இல்லாம எப்படி இந்தப் படி ஏறுவேன்? அதான் தேடிக்கிட்டு இருந்தேன். இப்பந்தான் கிட்டிச்சு."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பழைய மலையாளப் பத்திரிகைகளின் பக்கங்கள் டேட்டாபேஸில் படமாகத்தான் இருக்கும். பெயரைத் தட்டினால் வராது, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். அத்தனை வருஷமும் அவள் அதைப் புரட்டியிருக்கிறாள். அவள் கண் ஆபரேஷனுக்குப் போனது வயசு ஆனதால் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

தாளில் ஒரு பழைய படம். நெய்யாறு பெருகி ரோடெல்லாம் வெள்ளம். இடுப்பளவு தண்ணீரில் ஒரு மனிதர் ஒரு பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு வருகிறார். பிள்ளையின் தலையை ஒரு சேம்பிலை மூடியிருந்தது. பெயரும் புத்தன்வீடும் ஊரும் கீழே அச்சாகியிருந்தன. வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளை ஒவ்வொருவராக அக்கரை சேர்த்தவர் என்று போட்டிருந்தது.

"ஆனா இது உங்க ஆளுதான்னு நான் சொல்லமாட்டேன்" என்றாள் சித்தி. "நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். படத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தார்.

"இது அவரு இல்ல" என்றார். "இது கனால்கரை ஆளாக்கும். அந்தக் கேஸுக்காரன்."

நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். அதில் கோபம் இல்லை, சங்கடம்தான் இருந்தது.

"அவனும் ஒருநாளு நல்லது செஞ்சிருக்கான் பாருங்க. இதெல்லாம் யாருக்குத் தெரியும்?" என்றார் அத்தை. பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிச் சொன்னார். "அன்னைக்கு நீங்க இஞ்ச நின்னு, கேஸுக்காரன் இவரு இல்ல, கனால்கரைப் புத்தன்வீட்டு ஆளுன்னு ரோட்டுக்கே கேக்க சொன்னிய. எனக்கு நெஞ்சு குளிர்ந்து போச்சு. ஆனா அவனுக்க மக எதிர்க் கடையில சாமான் வாங்கிட்டு நின்னா. அவ சின்னப் பிள்ளையா இருக்கும்ப நடந்தது. ஊரு மறந்திருந்தது. அதுக்குப் பெறகு அவ இந்த ரோட்டு வழி வாறதே இல்ல."

சித்தி தாளை வாங்கி மடிக்காமல் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பெண்ணு இப்பமும் அங்கதான் இருக்கா?"

"அந்த வீட்டுலதான். தையலாக்கும் வேல."

குடையை விரித்துக்கொண்டு சித்தி நடந்தாள். "சாப்பிட்டுட்டுப் போங்க" என்று அத்தை பின்னால் கூப்பிட்டார். "போயிட்டு வந்து சாப்பிடுதேன்" என்று திரும்பாமலே சொன்னாள். கூட வருகிறேன் என்று நான் சொன்னதற்குக் கையை மட்டும் ஆட்டினாள்.

அவள் திரும்பி வர உச்சி வெயில் ஆகிவிட்டது. கையில் தாள் இல்லை. குழாயடியில் காலைக் கழுவினாள். அத்தை கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக என் வீட்டுக்குள் என் சித்தி வந்து உட்கார்ந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்க இலையைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

"என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"முதல்ல உள்ள வரவே விடல்ல. படத்தக் காட்டினேன். அப்படியே கீழ உக்காந்துட்டா. அம்மைய அடிச்ச அப்பனத்தான் அவளுக்குத் தெரியும். வேற ஒண்ணும் ஞாபகம் இல்லியாம்." சித்தி சோற்றைப் பிசைந்தாள். "பெறகு கேட்டா, தோளுல இருக்கப்பட்ட பிள்ள நானான்னு."

பிள்ளையின் முகம் சேம்பிலைக்குள் அல்லவா இருந்தது. படத்தின் கீழே பிள்ளையின் பெயரும் இல்லை. அது எந்த வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

"நீங்க என்ன சொன்னிய, சித்தி?"

சித்தி நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

"ஆமான்னு சொன்னேன்" என்றாள். அப்புறம் அத்தையிடம் இன்னும் கொஞ்சம் மோர் கேட்டாள்.